ஓர் எழுத்து மாறினால் புற்றுநோய் வருமா?

"எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?" கிள்ளானில் சிகரெட்டை விட மனமில்லாத பலர் சொல்லும் சமாதானம் இது. இதில் உண்மை உண்டா?

மரபணுக்களின் கட்டளைப்படியே நம் உயிரணுக்களில் புரதங்கள் உருவாகின்றன. அக்கட்டளைகளை அளவோடு அடக்கி வைப்பவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். நீளம் சுமார் 22 எழுத்துகள்தான். 1993இல் இவற்றை ஒரு சிறு புழுவில் கண்டறிந்த விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

'லெட்-7' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் 'ராஸ்' மரபணுக்களுக்குக் கடிவாளம் போன்றது. நுரையீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இது குறைந்திருக்கிறது.

பிறவியிலேயே அமையும் வேறுபாடுகளும் உண்டு. 'மைக்ரோ ஆர்.என்.ஏ. 196ஏ2' மரபணுவில் ஓரிடத்தில் சிலருக்கு 'சி', சிலருக்கு 'டி' எழுத்து இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் 'சி' பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்று ஆபத்து சற்றுக் கூடுதல் என்று சீனாவில் நடந்த ஆய்வு காட்டியது. எல்லா இனத்தவரிடமும் இதே முடிவு கிடைக்கவில்லை.

ஆகவே, ஆளுக்கு ஆள் ஆபத்து மாறுவது உண்மை. ஆனால் அந்த எழுத்தால் வரும் வேறுபாடு சிறிது. சிகரெட்டோ ஆபத்தை 15 முதல் 30 மடங்கு உயர்த்துகிறது. தாத்தாவின் மரபணுக்கள் முழுவதும் உங்களுக்கு வந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

மலேசியாவில் இந்நோய் பெரும்பாலும் முற்றிய நிலையில்தான் தெரியவருகிறது. மூன்று வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் இரத்தமா? புகைக்காதவராக இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். புகைப்பழக்கத்தை விட அரசாங்கக் கிளினிக்குகளில் உதவி கிடைக்கிறது. மரபணுவை மாற்ற முடியாது, பழக்கத்தை மாற்றலாம்.