லயத்துக்கு வராத கிளினிக்

பன்விலத் தோட்டப் பகுதியில் நான் மருத்துவமாது. "எதுக்கு மிஸ்ஸி இவ்வளவு ரத்தம்?" என்று கர்ப்பிணிப் பிள்ளைகள் கேட்பார்கள். அதில் எச்.ஐ.வி.யும் பார்க்கிறோம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான். யாரையும் சந்தேகப்பட்டு அல்ல. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்ததற்கு இந்தப் பரிசோதனையும் ஒரு காரணம்.

ஆண்களைத்தான் பிடிக்க முடியவில்லை. கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் பையன்களை எந்தக் கிளினிக்கில் பார்ப்பது? கண்டியிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். விஷயம் வெளியே போகாது. ஆனால் வத்தேகம வழியாக பஸ்ஸில் போய்வந்தால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் கிடைக்காது. அதைவிட, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பெரிது.

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் தினமும் மாத்திரை போட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் அவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது. இதை நம்ப மறுப்பவர்கள், கொசு கடித்தால் வரும் என்பதை மட்டும் உடனே நம்புகிறார்கள்! பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். சம்பள நாள் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.