வாகை மரமும் வாசிகசாலையும்

எங்கள் ஊர்ப் பொது வாசிகசாலைக்குப் புதுக் கட்டடம் கட்டப் போகிறார்கள். பஸார் வர்த்தகர்களாகிய எங்களிடம் பங்கு கேட்டு வந்தார்கள். கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ஆனால் வரைபடத்தை விரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்குப் பார்த்தது. ஜன்னல் ஒன்றுகூடத் திறக்காது. ஆறு ஏசி. பின்னேர வெயிலை மறைத்து நிற்கும் பழைய வாகை மரத்தையும் வெட்டவேண்டும்.

"நானா, இப்ப எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க. பார்க்க நல்ல ஷோவா இருக்கும்" என்றார் வரைபடம் கொண்டுவந்த தம்பி.

ஷோவுக்கு நான் ஏற்கெனவே விலை கொடுத்தவன். 2015இல் என் புடவைக் கடையை இடித்து இதே மாதிரிக் கண்ணாடி போட்டேன். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது கடைக்குள் நிற்க முடியவில்லை. வந்தவர்கள் விலை கேட்கும் முன்னரே வெளியேறினார்கள். அவ்வருடம் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பிறகு குறைத்தார்கள்தான். ஆனாலும் அந்த மாதங்களின் பில்களை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கடைக்காரன் விற்று ஈடுகட்டலாம். வாசிகசாலை எதை விற்கும்?

கட்டடக்கலை படிக்கும் என் சகோதரியின் மகன் சில படங்களைக் காட்டினார். தாய்வானின் தாய்பே நகரில் பெய்தோ என்ற இடத்தில் 2006இல் திறக்கப்பட்ட பொது நூலகம் அதில் ஒன்று. நம்மைப் போலவே வெக்கையும் மழையும் உள்ள ஊர். பூங்கா மரங்களுக்கு நடுவே மரத்தாலேயே கட்டியிருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் பெரிய மரவீடு போல் இருக்கிறது. சுற்றிவர அகலமான விறாந்தை. அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். பெரிய ஜன்னல்கள் திறக்கின்றன, சூடான காற்று மேலே ஏறி வெளியேறவும் வழியிருக்கிறது. புத்தக றாக்கைகள் குட்டையானவை, ஜன்னல் வெளிச்சத்தை மறைப்பதில்லை. கூரையின் ஒரு பகுதியில் சூரிய மின் தகடுகள், இன்னொரு பகுதியில் மண்ணும் புல்லும். மண் வெயிலைத் தாங்குகிறது. சரிவில் வடியும் மழைநீரைச் சேமித்து மலசலகூடத்துக்கும் செடிகளுக்கும் பாவிக்கிறார்கள்.

இதில் எது புதுமை? நம் மூத்தாப்பாமார் கட்டிய வீட்டில் விறாந்தை இருக்கவில்லையா? நாம்தான் அதை அடைத்துக் கடையறை ஆக்கினோம்.

நோர்வேயில் வென்னெஸ்லா என்ற ஊரின் நூலகம் (2011) வேறு மாதிரி. உள்ளே போனால் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் நிற்பது போல, 27 மர விலா எலும்புகள். அந்த விலாதான் கூரையைத் தாங்குகிறது. அதற்குள்ளேயே விளக்கும் காற்றுக் குழாயும். கீழே இறங்கி அதுவே றாக்கையாகவும் உட்காரும் இடமாகவும் மாறுகிறது. ஒரு சம்பளத்துக்கு நாலு வேலை செய்யும் ஆள் கிடைத்தால் எந்த முதலாளிதான் விடுவான்?

கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் வரும் உதாரணம் சிம்பாப்வேயின் ஹராரேயில் இருக்கிறது. கடைகளும் அலுவலகங்களும் உள்ள ஈஸ்ட்கேட் கட்டடம், 1996இல் திறக்கப்பட்டது. மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கறையான் புற்றைப் பார்த்து யோசித்ததாம். இரவில் குளிர்ந்த காற்றை இழுத்துக் கொங்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் அந்தக் குளிர்மையைச் செலவழிக்கிறார்கள். வழக்கமான பெரிய ஏசி இயந்திரம் வாங்கவில்லை. கறையான் புற்று அவர் நினைத்தபடி இயங்குவதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சொன்னார்கள். கறையான் விஷயத்தில் கணக்குப் பிழைத்தாலும் கட்டடம் வேலை செய்கிறது! ஆனால் ஹராரேயின் இரவு குளிரும். நமது கரையோர ஊர்களின் இரவு அப்படிக் குளிராது. அதனால் அதை அப்படியே கொண்டுவர முடியாது. பெய்தோதான் நமக்குக் கிட்ட.

போன கூட்டத்தில் இதைச் சொன்னேன். விறாந்தை வைத்தால் இரண்டு கடையறைக்கான இடம் போய்விடும், வாடகை வராது என்றார் ஒரு ஹாஜியார். அவர் கணக்கும் பிழையில்லை. இரண்டு அறையின் வருட வாடகையையும் ஆறு ஏசியின் வருடக் கரண்ட் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வரும்படி தம்பியிடம் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் கூடுகிறோம். அதுவரை மரத்தில் கைவைப்பதில்லை என்று எழுத்தில் வாங்கியாயிற்று. என் காசோலை இன்னும் லாச்சிக்குள்தான் இருக்கிறது.