துக்கம் 'விசாரிப்பது' எதற்காக?

பேசுவதுதான் என் தொழில். வானொலியில் மூன்று விநாடி அமைதி விழுந்தாலே பதறிப் போவோம். அந்தப் பழக்கத்தால் நெருங்கிய தோழி ஒருத்தியைக் காயப்படுத்திவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்துவிட்டது. பார்க்கப் போன நான், "கவலைப்படாதடி, வயசு இருக்கு, அடுத்தது கண்டிப்பா தங்கும்" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன்பின் என் அழைப்புகளை எடுக்கவில்லை. 'நல்லதைத்தானே சொன்னேன்' என்று எனக்கும் கோபம்.

மறு ஆண்டு அப்பா தவறிவிட்டார். கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், "நல்ல சாவு, படுக்கையில கிடக்காம போயிட்டாரு" என்றார்கள். புலனத்தில் இரங்கல் செய்திகள் குவிந்தன. எதுவும் மனத்தில் ஒட்டவில்லை.

நான்காம் நாள் மாலை, பக்கத்து வீட்டு அத்தை மைலோ கலக்கி எடுத்து வந்தார். அருகில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "அப்பா கடைசியா உன்கிட்ட என்னம்மா பேசுனாரு?" என்று கேட்டார். அன்றுதான் வாய்விட்டு அழுதேன். ஒரு மணி நேரம் பேசினேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார்.

நாம் 'துக்கம் விசாரிக்கப் போகிறோம்' என்றுதானே சொல்கிறோம்? விசாரிப்பது என்றால் கேட்பது. 'எல்லாம் விதி', 'மனசைத் தேத்திக்க' என்பவை எதிரில் இருப்பவரின் பேச்சை அடைத்துவிடுகின்றன. உண்மையில், நம் சங்கடத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவற்றைச் சொல்கிறோம். புண் ஆற நாளாகும், மனமும் அப்படித்தான்.

16-ஆம் நாள் காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். வீடு வெறிச்சோடும் அந்த நாள்களில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கையில் சாப்பாடு இருந்தால் போதும். தெரிந்தவரிடம் மனம் திறக்க முடியாதவர்களுக்கு, 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் 24 மணி நேரமும் காது கொடுக்கிறார்கள்: 03-7627 2929.

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு, தோழி வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "பிள்ளைக்கு என்ன பேரு வைக்க நினைச்சிருந்த?" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இத்தனை நாள்ல யாருமே இதைக் கேக்கலடி" என்றாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள்.

நான் எதுவும் பேசவில்லை.