பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் – 6: கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் காப்புறுதி எடுக்காதீர்கள்

கனடாவின் சூப்பர் விசாவுக்குப் பிள்ளைகள் அனுப்ப வேண்டிய அழைப்புக் கடிதத்தையும் வருமானச் சான்றையும் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் மருத்துவக் காப்புறுதி.

பல்லேகலையில் இருக்கும்போது நெஞ்சு வலித்தால் 1990-ஐ அழைக்கிறோம். சுவசெரிய அம்பியுலன்ஸ் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ பேராதனையிலோ வார்டில் படுத்து எழும்பி வரலாம்; பில் நீட்ட ஆளில்லை. ஸ்காபரோவில் அப்படியில்லை. ஒன்ராறியோவின் அரச சுகாதாரத் திட்டம் அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன தாத்தா ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும்.

அதனால்தான் 2011 டிசம்பரில் தொடங்கிய சூப்பர் விசாவுக்குக் காப்புறுதி கட்டாயம். குறைந்தது 1 இலட்சம் கனேடிய டொலர் தொகை, கனடாவில் இறங்கும் நாளிலிருந்து ஒரு வருடம். வைத்தியச் செலவு, ஆஸ்பத்திரி அனுமதி, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு மூன்றும் அதில் அடங்க வேண்டும். விலை கேட்டு வாங்கிய தாளை மட்டும் காட்டினால் ஏற்கமாட்டார்கள். முழுப் பணத்தையோ, முற்பணத்தோடு தவணையாகவோ கட்டியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் விசா கிடைப்பதற்கு. வருத்தம் வரும்போது பணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது, ஏற்கனவே உள்ள நோய்கள் பற்றிக் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும் பகுதி. மலிவான சில பத்திரங்கள் பழைய நோய்களை அடியோடு விலக்கிவிடும். மற்றவை, காப்புறுதி தொடங்குவதற்கு முந்திய 90 நாளோ 180 நாளோ அந்த நோய் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும்.

ஓர் அம்மாவின் கிளினிக் கொப்பியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். ஜூனில் வைத்தியர் அதை 10 ஆக்குகிறார், பிரஷர் இறங்குகிறது. அம்மா நிம்மதியாக ஓகஸ்டில் விமானம் ஏறுகிறார். 180 நாள் கேட்கும் பத்திரத்தில் ஜூன் மாதத்துக் குறிப்பு ஒரு மாற்றம். செப்டெம்பரில் பிரஷரால் பக்கவாதம் வந்தால் கம்பெனி கையை விரிக்க அது போதும். குளிசையைக் குறைத்திருந்தாலும் பல பத்திரங்களில் அதே கதைதான். சோதனைக்கு எழுதிக்கொடுத்து முடிவு வராமல் இருப்பதும் சிக்கலாகலாம்.

பெரும்பாலும் காப்புறுதி எடுப்பவர் கனடாவில் இருக்கும் மகன்; கொப்பி இருப்பது பல்லேகலையில். "அம்மாவுக்கு லேசான சீனி வருத்தம் மட்டும்தான்" என்று முகவரிடம் நினைவில் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். மறைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனாலும் பிழையான பதிலைக் காரணம் காட்டிப் பத்திரத்தையே செல்லாததாக்க கம்பெனியால் முடியும். ஆகவே கொப்பியின் கடைசி ஒரு வருடப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேள்விப் படிவத்தை நிரப்பும்போது நீங்களும் தொலைபேசியில் இருங்கள்.

பயணத் திகதி நெருங்கிவிட்டதென்று குளிசை மாற்றத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வைத்தியர் சொன்னால் மாற்றுங்கள். மாற்றியதைக் கம்பெனிக்கு உடனே அறிவியுங்கள். காப்புறுதி தொடங்கும் திகதியைத் தள்ளிவைக்கப் பல கம்பெனிகள் இடம் கொடுக்கின்றன. உயிரைவிட டிக்கெட் பெரிதல்ல.

பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா? முன்கூட்டியே ஊர் திரும்பினால் மிச்ச மாதங்களுக்கு என்ன? ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? அந்தத் தொகையைக் கூட்டினால் கட்டணம் குறையும். ஆனால் அவசரத்தில் மகனால் புரட்டக்கூடிய அளவுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

கம்பெனியின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை அம்மாவின் கைப்பையிலும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலும் ஒட்டிவையுங்கள். சிகிச்சைக்கு முன்போ, முடியாவிட்டால் கூடிய சீக்கிரமோ அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதும் பத்திரத்தின் நிபந்தனைதான்.

அடுத்த வாரம்: நீண்ட விமானப் பயணத்தில் குளிசையும் இன்சுலினும்.