கடலை மிட்டாய்: பாகுக்கு முன்னே காய்ச்சல்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வீட்டிலேயே மிட்டாய் செய்து விற்கலாமா என்று கேட்கும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் அதிகம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் களத்தைக் கவனியுங்கள்.

ஈரம் போகாத நிலக்கடலையில் ஒருவகைப் பூஞ்சாணம் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். இது ஈரலைப் பாதிக்கும்; புற்றுநோய்க்கும் காரணமாகும். பருப்பை வறுத்தாலும் இந்த நச்சு முழுமையாக அழியாது. வெல்லப்பாகு கசப்பை மறைக்கலாம், நச்சை நீக்காது. மிட்டாயை அதிகம் தின்பவர்கள் நம் பிள்ளைகள்தான்.

களத்தில் செய்ய வேண்டியவை

மானாவாரியில் காய் முற்றும் சமயம் வறட்சி வந்தால் பூஞ்சாணத் தாக்குதல் கூடும். வாய்ப்பிருந்தால் அப்போது ஒரு உயிர்த் தண்ணீர் கொடுங்கள். ஓட்டின் உட்புறம் கருமை படர்ந்தால் காய் முற்றிவிட்டது என்று பொருள். உடனே அறுவடை செய்யுங்கள். கரிசல் இறுகிவிட்டால் காய் மண்ணிலேயே தங்கும். ஓட்டில் கீறலும் விழும். கீறல் வழியாகவே பூஞ்சாணம் நுழைகிறது.

பிடுங்கிய செடிகளைக் காய் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு உலர்த்துங்கள். பறித்த காயைத் தார்ப்பாயில் பரப்பி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவிடுங்கள். காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். பருப்பைக் கசக்கினால் தோல் எளிதில் உரியும். அதுதான் சரியான காய்ச்சல்.

பருப்பு உடையாமலிருக்க, தோல் உடைக்கும் முன் காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உண்டு. அதை அடியோடு விடுங்கள். பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் கையால் பொறுக்கி ஒதுக்குங்கள். ஒதுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள், செக்குக்கும் அனுப்பாதீர்கள்.

அடுப்பில் செய்ய வேண்டியவை

1 கிலோ பருப்புக்கு சுமார் 600 கிராம் வெல்லம் போதும். பருப்பை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் தோல் நீக்கிப் புடைத்து, இரண்டாக உடையுங்கள். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் பதம் போதாது. மிட்டாய் பல்லில் ஒட்டும். பதம் வந்ததும் பருப்பைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய பலகையில் பரப்பித் தேய்த்து, சூடு ஆறும் முன் துண்டு போடுங்கள். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.

விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது கட்டாயம். ‘கோவில்பட்டி’ என்ற பெயரைப் போட, புவிசார் குறியீட்டின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகவும் பதிய வேண்டும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழுக்களுக்குப் பாகுப் பதம் சொல்லிக்கொடுக்கும் அன்றே காய்ச்சல் பதத்தையும் சொல்லிக்கொடுங்கள்.