வாரணாசியில் தங்கும் பகுதியைத் தேர்வு செய்தல்

காசி, பனாரஸ் ஆகிய பெயர்களாலும் அறியப்படும் வாரணாசி, உத்தரப் பிரதேசத்தில் கங்கையாற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது. இந்நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் அறை வாடகையையும் படங்களையும் பார்த்து விடுதியைத் தேர்வு செய்கின்றனர். ஆனால் பழைய நகரின் பெரும்பகுதிக்குள் கார் நுழைய முடியாது. வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று காட்டும் இடம், இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகளும், கீழிறங்கும் படிகளுமாக நீளக்கூடும். அத்துடன், இங்கே காண வேண்டியவற்றில் முக்கியமானவை விடியற்காலையிலும் மாலை இருட்டும் நேரத்திலும் நடப்பவை. ஆகவே எந்தப் பகுதியில் தங்குகிறோம் என்பதே எவற்றைக் காண முடியும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. முதியோரை அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியமானது.

நகரின் அமைப்பு

கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுவதும் மேற்குக் கரையிலேயே வளர்ந்துள்ளது. எதிர்க்கரை ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் மணல்வெளி என்பதால், பழைய நகருக்கு எதிரே கட்டடங்கள் இல்லை. இதனால் படித்துறையில் நிற்பவருக்குச் சூரியன் ஆற்றுக்கு மறுபுறம் தடையின்றி எழுவது தெரியும். படித்துறைகள் இங்கே 'காட்' எனப்படும். தெற்கே அஸ்ஸி காட் முதல் வடக்கே ராஜ் காட் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டருக்கு இவை வரிசையாக உள்ளன. எண்பத்து நான்கு என்பது மரபான கணக்கு. ஆற்றுமட்டம் தாழ்ந்திருக்கும் மாதங்களில் ஒரு காட்டிலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாகவே நடந்து செல்லலாம். காட்டுகளுக்குப் பின்னால் 'கலி' எனப்படும் சந்துகள், அவற்றுக்குப் பின்னால் வாகனங்கள் செல்லும் சாலை என்பது பொதுவான அமைப்பு. ஒரு விடுதி இந்த மூன்றில் எதை ஒட்டியுள்ளது என்பதை முதலில் அறிய வேண்டும்.

தசாசுவமேத காட், கோதோலியா

விசுவநாதர் கோயில், மணிகர்ணிகா காட், மாலைதோறும் கங்கை ஆரத்தி நடைபெறும் தசாசுவமேத காட் ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவில் உள்ள பகுதி இது. ஓரிரு நாள் மட்டுமே தங்குவோருக்கும், கோயில் வழிபாட்டை முதன்மையாகக் கொண்டு வருவோருக்கும் இதுவே வசதி. கோயிலில் மங்கள ஆரத்தி அதிகாலை 3 மணியளவில் தொடங்குகிறது. அந்த நேரத்தில் நகரின் மறுகோடியிலிருந்து வண்டி பிடித்து வருவதற்கும், பத்து நிமிடம் நடந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கோயிலுக்குள் கைப்பேசி அனுமதிக்கப்படுவதில்லை. அறை அருகிலிருந்தால் அதை அறையிலேயே வைத்துவிட்டு வரலாம், பாதுகாப்புப் பெட்டகத்தைத் தேட வேண்டியதில்லை.

கோதோலியா நாற்சந்தியைத் தாண்டி ஆற்றை நோக்கிச் செல்லும் சாலையில் பெரும்பாலான நேரங்களில் வாகனங்களை விடுவதில்லை. ஆட்டோ அங்கேயோ அதற்கு முன்போ நின்றுவிடும். பெட்டியை உருட்டிக்கொண்டு கூட்டத்தினூடே நடக்க வேண்டும். திங்கட்கிழமைகளிலும், சிராவண மாதத்திலும், மகா சிவராத்திரியிலும் கூட்டம் பலமடங்காகும். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசுவநாதர் கோயில் வளாகம், லலிதா காட்டிலிருந்து கோயில்வரை அகன்ற வழியை ஏற்படுத்தியது. முன்பிருந்த நெருக்கமான வீடுகளும் சந்துகளும் அதற்காக அகற்றப்பட்டன. அதனால் பழைய பயணக் குறிப்புகள் இந்தப் பகுதிக்குச் சொல்லும் வழிகள் பல இன்று பொருந்தா.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய சத்திரம் கோதோலியாவுக்கு அருகில் உள்ளது. விசுவநாதருக்கான நாள்வழிபாட்டுப் பொருள்கள் இங்கிருந்து எடுத்துச் செல்லப்படுகின்றன. தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் பல தலைமுறைகளாகத் தங்கிவரும் இடம் இது.

கேதார் காட், ஹனுமான் காட்

தசாசுவமேத காட்டிலிருந்து தெற்கே செல்லும் பெங்காலி டோலா என்னும் நீண்ட சந்து, ஆற்றுக்கு இணையாகக் கேதார் காட் பக்கம் வருகிறது. இச்சந்தை ஒட்டிச் சிறு விடுதிகள் நிறைய உள்ளன. கோயிலுக்கு நடந்து செல்லக்கூடிய தொலைவு, ஆனால் கோதோலியாவின் இரைச்சல் குறைவு என்பதால், மூன்று நான்கு நாள் தங்குவோருக்கு இப்பகுதியே பெரும்பாலும் சிறந்த தேர்வாக அமைகிறது.

தென்னிந்தியருக்கு இங்கே வேறொரு காரணமும் உண்டு. கேதாரேசுவரர் கோயிலை நிர்வகிக்கும் குமாரசாமி மடம், 17ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்த குமரகுருபரர் மரபில் வந்தது. ஹனுமான் காட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. சுப்பிரமணிய பாரதி 1898 முதல் 1902 வரை தம் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தது இங்கேதான். தமிழில் பேசும் புரோகிதர்களும், இட்லியும் சாதமும் கிடைக்கும் இடங்களும் உள்ளன. சிராத்தம் செய்ய வருவோர் புரோகிதர் வீட்டுக்கு அருகிலேயே தங்குவது நல்லது. அஸ்ஸி, தசாசுவமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, ஆதிகேசவம் ஆகிய ஐந்து துறைகளுக்குப் படகில் சென்று செய்யும் சடங்கு காலையில் தொடங்கி நேரமெடுக்கும். இடையில் சாலை வழியாக அலைவது முதியோரைச் சோர்வடையச் செய்யும்.

ஒன்றை மட்டும் அறிந்தே இப்பகுதியைத் தேர்வு செய்ய வேண்டும். கேதார் காட்டுக்கும் ஹனுமான் காட்டுக்கும் இடையே அரிச்சந்திரா காட் உள்ளது. மணிகர்ணிகையைப் போலவே இங்கும் இரவு பகலாகப் பிணங்கள் எரிக்கப்படுகின்றன. காற்றின் திசையைப் பொறுத்துப் புகை வீடுகளின் மேல்மாடிகளுக்கு வரும். காசியில் இறப்பதை முக்தியாகக் கருதும் நம்பிக்கையின் காரணமாக இது நகரின் இயல்பான காட்சி. ஆயினும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும், சிறு குழந்தைகளுடன் வருபவர்களும் சற்றுத் தள்ளித் தங்கலாம். விளம்பரத்தில் 'ஆற்றைப் பார்த்த அறை' என்று மட்டும் இருந்தால், எந்தத் துறையைப் பார்த்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அஸ்ஸி

பழைய நகரின் தென்கோடி. சாலை ஏறத்தாழக் காட் வரையிலும் வருவதால், படியேற இயலாதவர்களும் ஆற்றை எளிதில் அடையக்கூடிய மிகச் சில இடங்களில் இது ஒன்று. 1916இல் நிறுவப்பட்ட பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் அருகிலிருப்பதால் மாணவர்கள், புத்தகக் கடைகள், தேநீர்க் கடை அரட்டை என்று பகுதிக்கே தனி இயல்பு உண்டு. விடியற்காலையில் காட்டில் ஆரத்தியும் இசையும் நடைபெறுகின்றன. துளசிதாசர் வாழ்ந்த துளசி காட், துர்கா கோயில், சங்கட மோசன் கோயில் ஆகியவை பக்கத்தில் உள்ளன. மாணவர்களும், ஒரு வாரத்துக்கு மேல் தங்குவோரும் இப்பகுதியை விரும்புவதில் வியப்பில்லை. விசுவநாதர் கோயிலுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். குளிர்காலக் காலையில் கரையோரமாக அந்தத் தொலைவை நடப்பதே நகரைக் காணச் சிறந்த வழி எனலாம்.

கண்டோன்மென்ட், சாரநாத்

ஆங்கிலேயர் காலத்தில் படை முகாமாக உருவான கண்டோன்மென்ட் பகுதியில் அகன்ற சாலைகளும், லிஃப்ட் வசதியுள்ள பெரிய ஓட்டல்களும் உள்ளன. வாரணாசி சந்திப்பு ரயில் நிலையம் அருகில். நடக்கச் சிரமப்படுவோருக்குப் பாதுகாப்பான தேர்வுதான். ஆனால் காட்டுகளுக்கு நாளுக்கு இருமுறை நெரிசலில் போய்வர வேண்டும். பலர் ஒருமுறை ஆரத்தி பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அமைதியாக உள்ளது. பௌத்த யாத்திரிகர்களுக்கு அங்கே தங்குவது பொருத்தம், மற்றவர்களுக்கு ஒரு பகல் போதும். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடப்பட்டிருக்கும்.

பருவம் மாறினால் தேர்வும் மாறும்

மேற்சொன்னவை பெரும்பாலும் அக்டோபர் பிற்பகுதி முதல் ஜூன் வரைக்கே பொருந்தும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை பல மீட்டர் உயர்கிறது. வாரணாசியில் அபாய மட்டம் 71.262 மீட்டர். 1978 வெள்ளத்தில் நீர் 73.9 மீட்டரை எட்டியது. அபாய மட்டத்துக்கு வெகு முன்பே காட்டுகளின் கீழ்ப்படிகள் மூழ்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கரைவழி துண்டிக்கப்படும். படகுகள் நிறுத்தப்படும். ஆரத்தி மேல்தளத்துக்கும், மணிகர்ணிகையில் தகனம் கூரைத்தளத்துக்கும் மாறும். வசதியாகத் தோன்றும் தாழ்வான அஸ்ஸிப் பகுதியில் நீர் தெருவுக்கே வந்துவிடுவதுண்டு. இம்மாதங்களில் கோதோலியாவை ஒட்டிய மேட்டுப்பகுதியே ஏற்றது. வெள்ளம் வடிந்த பின் படிகளில் ஆளுயரத்துக்குப் படியும் வண்டலைக் குழாய்நீர் பாய்ச்சி அகற்றுவதற்கும் சில வாரங்கள் ஆகும்.

கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ் தீபாவளிக்குக் காட்டுகள் முழுவதும் விளக்கேற்றப்படும். அந்நாளில் ஆற்றோர அறைகளின் வாடகை பலமடங்கு உயரும். மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் அறை கிடைப்பது அரிது.

பதிவு செய்யும் முன்

வாகனம் எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, வழியில் எத்தனை படிகள், அறை எந்த மாடியில், லிஃப்ட் உண்டா என்று தொலைபேசியில் கேட்பது நல்லது. பழைய ஆற்றோர வீடுகளில் சிறந்த காட்சி நான்காவது மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. சந்துக்குள் உள்ள விடுதிகள் பல, கேட்டால் ஓர் ஆளைச் சாலைவரை அனுப்பி அழைத்துச் செல்கின்றன. இரவில் வந்து சேர்பவர்கள் இதை முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எந்த நிலையத்தில் இறங்குகிறோம் என்பதும் கணக்கில் சேர வேண்டியது. வாரணாசி சந்திப்பு தவிர, மண்டுவாடி என்ற பழைய பெயர் 2021இல் மாற்றப்பட்ட பனாரஸ் நிலையமும் நகருக்குள் உள்ளது. முகல்சராய் என்று அறியப்பட்டு 2018இல் பெயர் மாற்றப்பட்ட பண்டித் தீன்தயாள் உபாத்யாய சந்திப்போ ஆற்றின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. தெற்கிலிருந்து பாட்னா செல்லும் ரயில்களில் வருவோர் அங்கே இறங்கி, பாலம் கடந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சாலைவழி வர வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது வழக்கம். நள்ளிரவில் இறங்க நேர்ந்தால், முதல் இரவை நிலையத்துக்கு அருகில் கழித்துவிட்டு, விடிந்தபின் சந்துக்குள் உள்ள விடுதிக்குச் செல்வது எளிது.