நகராட்சிகளின் கணக்கு – 9: சம்பளம் பேசும் இடத்தில் இல்லாத ஊர்கள்

காவல் என்றால் அரசாங்கத்தின் செலவு என்று பழகியவர்களுக்குக் கனடாவின் ஏற்பாடு வியப்பைத் தரும். ஒண்டாரியோ, கியூபெக் நீங்கலாக மற்ற மாகாணங்களில் பல சிறு நகரங்களுக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. மத்திய அரசின் போலீஸ் படையான ஆர்.சி.எம்.பி.யை ஒப்பந்தம் போட்டு அமர்த்திக்கொள்கின்றன. 2012இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2032 வரை செல்லும். மக்கள்தொகை 5,000 முதல் 15,000 வரை உள்ள ஊர் செலவில் 70 சதவீதத்தையும், அதைவிடப் பெரிய ஊர் 90 சதவீதத்தையும் கட்டுகிறது. மீதி மத்திய அரசின் பங்கு. 5,000க்குக் கீழே இருந்தால் பொறுப்பு மாகாணத்துடையது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சில நூறு பேர் கூடிவிட்டால், போலீஸ் செலவின் பெரும்பங்கு அந்த ஊரின் தலையில் வந்து விழுகிறது.

இந்தச் சதவீதங்களைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஆனால் சிறு நகரத்தைத் திணறவைப்பது, எந்தத் தொகையில் 90 சதவீதம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் அதற்கு நாற்காலி இல்லாததுதான் என்பேன். போலீஸ் செலவில் பெரும்பகுதி சம்பளம். அதைப் பேசி முடிப்பவர்கள் மத்திய அரசின் கருவூல வாரியமும் போலீஸ்காரர்களின் சங்கமும். சங்க உரிமைக்கு உச்ச நீதிமன்றம் 2015இல் வழிவிட்டது. 2019இல் சங்கம் அங்கீகாரம் பெற்றது. 2021 ஆகஸ்டில் முதல் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அது 2017 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு அமலானது. மூத்த கான்ஸ்டபிளின் ஆண்டுச் சம்பளம் 86,110 டாலரிலிருந்து 2022இல் 1,06,576 டாலரானது, ஏறக்குறைய 24 சதவீத உயர்வு. நாலு வருட நிலுவையும் சேர்ந்துகொண்டது. மத்திய அரசே அந்த நிலுவையை ஏற்க வேண்டும் என்று நகராட்சிகள் மன்றாடின. 2023 பட்ஜெட்டில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

முன்கூட்டியே பணம் ஒதுக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பல ஊர்கள் ஒதுக்கத்தான் செய்தன. ஆண்டுக்குச் சுமார் 2.5 சதவீத உயர்வு என்று வைத்தே அவை திட்டமிட்டிருந்தன. ஆறு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் அது 16 சதவீதத்தைத் தொடும், 24ஐத் தொடாது. சொந்தப் போலீஸ் வைத்திருந்தாலும் சம்பளம் ஏறியிருக்குமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பெருநகரப் போலீசாரைவிட ஆர்.சி.எம்.பி.யினர் பல காலம் குறைவாகவே வாங்கிவந்தார்கள். அந்த உயர்வு அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். சொந்தப் படை வைத்திருக்கும் ஊரிலும் விவகாரம் நடுவரிடம் போனால் நகராட்சி நினைத்தது நடக்காது. ஆனால் அந்த ஊர் தன் வருமானத்தை எடுத்துச் சொல்லலாம், தவணை கேட்கலாம், வரப்போகும் பாரத்தின் அளவையாவது அறிந்திருக்கலாம். ஒப்பந்த ஊருக்கு இவை எதுவும் இல்லை. பில் மட்டும் வரும். தினசரிச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போட அங்கே நகராட்சிகளுக்கு அனுமதி இல்லாததால், சொத்து வரியை ஏற்றுவது, சேமிப்பைக் கரைப்பது, நூலகத்திலோ சாலையிலோ கை வைப்பது என்று மூன்றே வழிகள்தான்.

நாலாவது வழி ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் கவலை தருகிறது. நிரப்பப்படாத பணியிடத்துக்கு ஊர் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு அனுமதி வாங்கி எட்டுப் பேரோடு ஓட்டினால் வருடக் கடைசியில் பணம் மிஞ்சும். கணக்கில் சிக்கனமாகத் தெரிகிற அந்தத் தொகை, இரவு ரோந்துக்கு வராத இரண்டு போலீஸ்காரர்களின் சம்பளம். அதை உபரி என்று காட்டாமல், சம்பள நிலுவைக்கென்று தனி நிதியில் போட்டு, எத்தனை இடம் காலி என்பதையும் பட்ஜெட் ஏட்டிலேயே மக்களுக்குச் சொல்லிவிடுவது நேர்மையான நிர்வாகம். ஊர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியது அவ்வளவுதான். மிச்சத்தை 2032க்குப் பிந்தைய ஒப்பந்தத்தில்தான் கேட்டு வாங்க வேண்டும். சம்பளப் பேச்சு தொடங்கும் முன் ஊர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும், முன்தேதியிட்ட நிலுவைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். இந்த இரண்டும் எழுத்தில் வராவிட்டால், மத்திய அரசு ஏற்கும் 10 சதவீதப் பங்கை 15 ஆக்கினாலும் அடுத்த நிலுவை வரும்போது இதே ஊர்கள் இதே மனுவோடுதான் ஒட்டாவாவுக்குப் போக வேண்டியிருக்கும்.